பிள்ளைக்கு அரை விரல்

மாப்பிள்ளை வீட்டார் கேசரி தின்று கை கழுவி உட்கார்ந்ததும், மிக்கேல்ராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின்மேல் போட்டுக்கொண்டார். எதிரே இருந்த சூசைராஜ், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, கொஞ்சமும் யோசிக்காமல் தன் கையை அந்தத் துண்டுக்குள் விட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, வாயைத் திறக்காமல், உள்ளே விரல்களைப் பிடிக்கவும் விடவும் ஆரம்பித்தார்கள்.

அடுப்படி வாசலில் காபித் தட்டோடு நின்ற மிக்கேல்ராஜின் மகள் சகாயராணி, தட்டை அங்கேயே தரையில் வைத்துவிட்டாள்.

திண்டுக்கல் வெங்காய மண்டியில் விலையை வாயால் சொல்வது அநாகரிகம். துண்டு போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு விரல் என்றால் ஒன்று, விரலின் பாதியில் அழுத்தினால் அரை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மிக்கேல்ராஜ் முப்பது வருஷமாக மண்டி நடத்துகிறவர். சூசைராஜ் வத்தலக்குண்டிலிருந்து வந்து அவரிடம் சின்ன வெங்காயம் பிடிக்கிறவர். இரண்டு பேருக்கும் வேறு பாஷை தெரியாது என்று சொல்லிவிட்டால் பாவம் என்று விட்டுவிடலாம். ஆனால் காலையில் இருவரும் கோயிலில் பூசை கண்டு, நன்மை அப்பத்தை நாக்கில் வாங்கி, அந்த ருசி ஆறும் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள்.

சுவரில் திரு இருதயப் படம் இருந்தது. அதன் கீழே விளக்கு எரிந்தது. அதற்கும் கீழே இந்தத் துண்டு, பொந்துக்குள் இரண்டு எலி சண்டை போடுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. விலை பேசப்படுகிற மாப்பிள்ளை பவுல்ராஜ், வத்தலக்குண்டில் ஒரு பஸ் கம்பெனி ஆபீஸில் கிளார்க். முப்பத்துமூன்று வயது. அவன் மிக்சரில் இருந்த கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்து அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு மிக்கேல்ராஜ் முகமெல்லாம் பல்லாக அடுப்படிக்கு வந்தார்.

"ஏத்தா புஷ்பம், ஒண்ணரையக் கழிச்சுப்புட்டேன்! கேட்ட வெலையில ஒண்ணரை ஆயிரம்! அச்சாரமும் குடுத்தாச்சு."

"கேட்டது எம்புட்டு? முடிஞ்சது எம்புட்டு?" என்றாள் அவர் மனைவி புஷ்பமேரி.

"அதக் கேக்காத. துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொன்னா யாவாரம் விளங்காது."

"யாவாரமா?" என்றாள் சகாயராணி.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தாயி," என்றார் அவர்.

சகாயராணிக்கு இருபத்தெட்டு வயது. பெண்கள் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு வாய் இருக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். அதனால் அன்றைக்கு அவள் அதற்குமேல் பேசவில்லை. கல்யாணம் வேண்டாம் என்ற எண்ணமும் அவளுக்கு அப்போது இல்லை. தனக்கென்று ஒரு வீடு, மரியாதையான ஒரு மனிதன், இவ்வளவுதான் கேட்டாள். அதைக்கூட இப்படி மூடி வைத்துத்தான் தருவார்களா என்று ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். அவளுடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கைப் போடுவதற்கு முன்னால், கொடுத்திருக்கும் விவரம் விடை காணப் போதுமா, போதாதா என்று பிள்ளைகள் எழுத வேண்டும். போதாது என்றால் இன்னும் எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். தலைமை மதருக்கே இது பிடிக்காது. "விடை இல்லாத கணக்கை ஏன் கொடுக்கிறீங்க டீச்சர்? பிள்ளைகள் குழம்பிப் போறாங்க" என்பார். எண்ணைக் கண்டதும் கூட்டவும் கழிக்கவும் ஓடுகிற புத்தியை நிறுத்துவதற்குத்தான் என்று இவள் சொன்னால் அவர் ஜெபமாலையை எடுத்துக்கொள்வார்.

அன்றைய கணக்கு இது. ஒரு கடைக்காரர் சேலை ஒன்றுக்கு இருபது ரூபாய் விலை குறித்திருந்தார். ஆடித் தள்ளுபடியாக நான்கு ரூபாய் குறைத்து விற்றார். அவருக்கு நஷ்டம் எவ்வளவு?

ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் விவரம் போதும் என்று எழுதி, நஷ்டம் நான்கு ரூபாய் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள். சகாயராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. சேலை பத்து ரூபாய்க்கு அடங்கியிருந்தால் அவனுக்கு ஆறு ரூபாய் லாபம். பதினெட்டுக்கு அடங்கியிருந்தால் இரண்டு ரூபாய் நஷ்டம். அடக்க விலை தெரியாமல் தள்ளுபடியை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று எவனாலும் சொல்ல முடியாது. இதை எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே வந்தவளின் கை ஒரு தாளில் நின்றுவிட்டது. இந்தப் பிள்ளைகள் குறைத்தவனுக்கு நஷ்டம் என்கிறார்கள். அப்பா, குறைத்து வாங்கியவனுக்கு லாபம் என்கிறார். இரண்டும் ஒரே தப்புதான். பிள்ளைகளுக்காவது பதினைந்து வயது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடம் கேட்டாள்.

"அப்பா, அவங்க ஏன் கொறச்சாங்க?"

"நான் பேசுன பேச்சு அப்படி."

"நல்ல வெங்காயத்துக்கு எவனாச்சும் கழிவு குடுப்பானா?"

மிக்கேல்ராஜ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மண்டியில் கழிவு என்றால் மூட்டையில் இருக்கும் அழுகலுக்காக விலையில் தள்ளிக்கொள்வது. நல்ல சரக்குக்குக் கழிவு கிடையாது. அது அவருக்குத் தெரியாததா?

"நீ மாசாமாசம் சம்பளம் வாங்குற. அதுக்குத்தான் கொறச்சாக."

"நான் டீச்சருன்னு தெரிஞ்சுதானே பொண்ணு கேட்டு வந்தாங்க? மொதல்ல சொன்ன வெலையிலயே என் சம்பளம் சேந்திருக்கும். நடுவுல கொறைக்கணும்னா நடுவுல புதுசா ஏதோ பேசியிருக்கணும். கேசரிக்கு முன்னால ரெண்டு பேரும் தனியாக் கொல்லைக்குப் போனீங்களே, அங்க என்ன பேசுனீங்க?"

"இவளக் கணக்குப் படிக்க வச்சது என் தப்புடீ," என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார் அவர். "பத்து வருசமா ஒருத்தனும் வாசப்படி மிதிக்கல. வந்தவனையும் பல்லப் புடிச்சுப் பாக்குறா!"

புஷ்பமேரி மகளுக்கு ரசம் ஊற்றினாள். "போதும், சாப்பிடு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசை நடுவில் சாமியார் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சொல்லி, இதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்பார். மூன்று ஓலையும் தடையில்லாமல் போனால்தான் தாலி. தன் பேரை அத்தனை ஜனத்துக்கு நடுவில் கேட்டபோது சகாயராணிக்கு வெட்கம் வரவில்லை. இங்கேயாவது ஒருத்தர் விவரம் கேட்கிறாரே என்றுதான் தோன்றியது. விவரம் வைத்திருந்த அவள் அப்பா ஆண்கள் பக்கத்தில் சம்மணம் கூட்டி உட்கார்ந்து, அமைதியாக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது பவுல்ராஜ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம், கையில் வறுகடலை. அவளைக் கண்டதும் கடலைத் தோலை ஊதிவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தான்.

"மதுரைக்குப் போனேன் டீச்சர். ஒங்களுக்கு ஒரு சேல எடுத்தேன். ஆடித் தள்ளுபடி! ரூபாய்க்கு நாலணா கழிச்சான்."

அங்கேயே, போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் பார்க்க, பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். மயில் கழுத்து நிறம். நன்றாகத்தான் இருந்தது. அவன் முந்தானைக்குக் கீழே ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து விரலை வைத்தான்.

"இந்தா, இந்த எடத்துல மட்டும் இழை விட்டிருக்கு. கொசுவத்துல மறைஞ்சிரும். கொறை இல்லாமக் கொறைப்பானா கடைக்காரன்? ஒங்கப்பாவுக்குத் தெரியாததா? எங்கய்யா அசந்துட்டாரு. 'அழுகலுக்குக் கழிவு போடுறதுல மிக்கேல்ராஜ மிஞ்ச ஆளு இல்லடா'ன்னாரு."

சகாயராணி சேலையை மடித்தாள். நிதானமாகத்தான் கேட்டாள். "எந்த அழுகலுக்கு?"

அவன் சிரித்தான். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைத்திருந்தான். பெற்ற அப்பன் மகளிடம் சொல்லியிருக்க மாட்டான் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்த மட்டில் அவன் அவரைவிட மேல்.

"அதான், ராமுத்தாய் விசயம். நெலக்கோட்டப் பக்கத்துல வச்சிருந்தேன்ல. அஞ்சாறு வருசம். கோயில் கல்யாணம் ஒண்ணும் இல்ல டீச்சர், சும்மா இருந்தது. இப்ப விட்டாச்சு. ஒங்கப்பா கொல்லையில வச்சே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. பொம்பளைக்கு ஒரு விரல் கழிச்சாரு. அதோட போகும்னு எங்கய்யா நெனச்சாரு. பெறகு, புள்ளைக்குன்னு தனியா அரை விரல் அழுத்துனாரு பாருங்க! பெரிய ஆளுங்க ஒங்கப்பா."

"பிள்ளையா?"

"பொம்பளப் புள்ளதான். நாலு வயசு. ஆம்பளப் புள்ளையா இருந்தா முழு விரல் கேட்டிருப்பாராம்."

ராமுத்தாய்க்கு ஒரு விரல். நாலு வயதுக் குழந்தைக்கு அரை. மூட்டையில் கை விட்டு, அழுகல் இத்தனை, முளை விட்டது இத்தனை என்று தள்ளுவது மாதிரி தள்ளியிருக்கிறார்கள். தள்ளியவர் ஏமாந்தவர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அப்பாவை ஏமாற்றியிருப்பார்கள், அதைக் கண்டுபிடித்து அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று இத்தனை நாளாக எண்ணிக்கொண்டிருந்தவளுக்குத் தன் புத்தியின் மேலேயே காறித் துப்பலாம் போல் இருந்தது. பொட்டலத்தை அவன் கையில் திணித்துவிட்டு நடந்தாள். "கலரு புடிக்கலையா?" என்று பின்னாலிருந்து கேட்டான் அவன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே மண்டிக்குப் போனாள்.

மண்டிக்குள் பெண்கள் வருவது வெங்காயம் புடைக்கத்தான். வெள்ளைச் சேலையும் குடையுமாக டீச்சர் உள்ளே நுழைந்ததும் மூட்டை தூக்குகிறவர்கள் வழி விட்டார்கள். காலடியில் தோல் சருகு நொறுங்கியது. அழுகல் வாடை மூக்கை அடைத்தது. சின்ன வயதிலிருந்து அப்பாவின் சட்டையில் மோந்த வாடைதான். இன்றைக்குத்தான் அது நாறியது.

மிக்கேல்ராஜ் இரண்டு வியாபாரிகளோடு நின்றிருந்தார். "என்னத்தா? ஒடம்புக்கு என்ன?" என்று பதறினார்.

"ராமுத்தாய்க்கு ஒரு விரல். பிள்ளைக்கு அரை. சரிதானாப்பா?"

அவர் முகம் கறுத்தது. பக்கத்தில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குப் போ. அதெல்லாம் ஆம்பளைக சமாச்சாரம். கோயில்ல வச்சுக் கட்டல, ஒண்ணுமில்ல. ஊர்ல எவன் யோக்கியன்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்ப."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! விடை முன்னாலேயே தெரியும், அதனால்தான் கேள்வியையே கேட்கவில்லை. சகாயராணி எட்டி அவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள். தன் வலது கையின்மேல் போட்டு, அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"கழிவு தெரிஞ்சு போச்சு. இப்ப மிச்சத்தச் சொல்லுங்க. நான் எத்தனை விரலுக்கு முடிஞ்சேன்?"

மிக்கேல்ராஜ் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருஷப் பழக்கம். நீட்டின துண்டைக் கண்டதும் அவர் கை தானாக உள்ளே போனது. மகளின் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தது. நாலாவது விரலின் நடுவில் ஓர் அழுத்து அழுத்தியது. அப்புறம்தான் அது யார் கை என்று அவருக்கு உறைத்தது. சுடுசட்டியைத் தொட்டவர் போலக் கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

மூன்றரை ஆயிரம். சகாயராணிக்கு அந்த விரல்களைக் கழற்றி எறிந்துவிடலாம் போல் இருந்தது.

"கழிவு வாங்கியாச்சும்மா," என்றார் மிக்கேல்ராஜ். குரல் கெஞ்சியது. ஆனால் வந்த வார்த்தை மண்டி வார்த்தைதான். "அழுகலுக்குக் கழிச்சு வாங்குன பெறகு சரக்கத் திருப்புற வழக்கம் இல்ல. சூசைராஜ் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? குடுத்த அச்சாரமும் போயிரும்."

"அழுகலோட சேத்து வீட்டுல வச்சுக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?"

"வயசு இருபத்தெட்டு ஆச்சு!"

துண்டை வெங்காய மூட்டையின்மேல் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

மறுநாள் இரண்டாவது ஓலை. முதல் மணி அடிக்கும் முன்னாலேயே சகாயராணி கோயிலுக்குப் போய், சாமியார் பூசை உடுப்பு மாட்டுகிற அறை வாசலில் நின்றாள். பங்குச் சாமியார் நல்ல மனுஷர். எதையும் சட்டப் புஸ்தகத்தில் வைத்துப் பார்க்கிற நல்ல மனுஷர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கேவலமாத்தான் இருக்கு. ஆனா ஓலையை நிறுத்தத் தடைன்னு ஒண்ணு வேணுமே அம்மா. அவன் அந்தப் பெண்ணைக் கோயில்ல கட்டலை. திருச்சபைச் சட்டப்படி அவன் கல்யாணமாகாதவன். நீ சொல்ற விவரம் போதாதே?"

இத்தனை நாளாகத் தானும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிதான் எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். தள்ளுபடி எவ்வளவு, அழுகல் என்ன, மிச்ச விலை என்ன என்று எல்லாவற்றையும் தேடினாள். இத்தனையும் தெரிந்தால்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று யார் சொன்னது?

"அவர் பக்கத்துல தடை தேடாதீங்க சாமி. எனக்குச் சம்மதம் இல்ல."

சாமியார் கையிலிருந்த அங்கியைக் கீழே வைத்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமா சாமி."

"அப்ப வேற ஒண்ணும் வேணாம். அது போதும்." மேஜையிலிருந்த தாளில் ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். இரண்டாவது மணி அடித்தது.

பெண்கள் பக்கத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். லத்தீனில் பூசை ஓடியது. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் தாளை எடுத்தார். தாடிக்கொம்பு பக்கத்துப் பையன் ஒருவனுக்கும் பேகம்பூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கும் முதல் ஓலை என்று வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். தாளை மடித்து வைத்துவிட்டுப் பீடத்தின் பக்கம் திரும்பினார்.

புஷ்பமேரி மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தாள் சகாயராணி. ஆனால் அவள் பிடித்த கையை விடவில்லை.

ஆண்கள் பக்கத்தில் நாலைந்து தலைகள் மிக்கேல்ராஜ் பக்கம் திரும்பின. அவர் யாரையும் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தாள் சகாயராணி. அழுதால் போய்க் காலைப் பிடித்துவிடுவாள், அப்படித்தான் அவள் மனசு அந்த நிமிஷம் இருந்தது. எத்தனை ஆனாலும் அப்பா.

அவர் அழவில்லை. கோயிலுக்காகத் தோளிலிருந்து இறக்கிய துண்டு அவர் மடியில் கிடந்தது. வலது கை அதற்குள் இருந்தது. கட்டை விரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நகர்வது துண்டுக்கு மேலேயே தெரிந்தது. போன அச்சாரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.